வீட்டிலேயே கிரீம் லிக்யூர்: கிறிஸ்மஸுக்குத் திரியாமல், அளவோடு செய்யும் முழு முறை

கிரீம் லிக்யூர் என்பது விஸ்கியும் பால் கிரீமும் கலந்த இனிப்பு மது. அதற்கு மாதக்கணக்கில் ஊறல் போட வேண்டாம், காய்ச்சி வடிக்கவும் வேண்டாம். கை வேலை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படியிருந்தும் டிசம்பர் பிறந்தால் மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் காதில் விழும் புலம்பல் ஒன்றுதான்: "நல்ல விஸ்கிதான் வாங்கினோம், ஏன் திரிஞ்சு போச்சு?" விஸ்கியின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. கடையில் எடுத்த கெட்டிப்பால் டின் எது, கலக்கும்போது சாமான் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எவ்வளவு வேகத்தில் ஊற்றினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்றது எளிது.

விஸ்கியையும் பால் கிரீமையும் சேர்த்து நிலையாக நிற்கும் பானமாக முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அயர்லாந்தின் பெய்லீஸ். ஆண்டு 1974. அதன் மதுச்சத்து 17 சதவீதம். தொழிற்சாலையில் பால் கொழுப்பைப் பெரும் அழுத்தத்தில் நுண்ணிய துளிகளாக உடைத்துவிடுகிறார்கள். அதனால் கொழுப்பு மேலே மிதந்து வராது, இரண்டு வருடம் வரை புட்டி கெடாது. நம் சமையலறையில் அந்த இயந்திரம் இல்லை. அதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது ஐஸ்பெட்டியின் குளிரும் மெதுவான கையும். இரண்டு வருடக் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் புட்டிக்கு ஆயுள் இரண்டு வாரம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மது ஒரு விளையாட்டுப் பேச்சு கிடையாது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போர் முடிந்த பிறகு, 1946-47-ல், இதே பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படை கள்ளை எதிர்த்து நின்றது. சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துச் சம்பளத்தை அழித்த வீடுகளை நம்மில் பலருக்குப் பெயர் சொல்லியே தெரியும். அதனால் இங்கே நான் சொல்லும் அளவு 30 மில்லி. சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னக் கிளாஸில், உட்கார்ந்து, பேசிக்கொண்டே குடிக்கிற பானம் இது. செய்முறை, புட்டியின் அளவு, பரிமாறும் விதம் எல்லாவற்றையும் அந்த 30 மில்லியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். குடிக்காத வீடாக இருந்தால் இதற்காக ஆரம்பிக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகும்முன்

முதலில் மது. நன்றாகத் தெரிந்த கடையில், மூடி உடையாத, சுங்கத்துறை வரி வில்லை ஒட்டிய புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது குடித்துப் பலர் இறந்தார்கள். வீட்டில் கிரீம் கலப்பதால் மெத்தனால் உண்டாகாது. அது புட்டிக்குள்ளேயே வருவது, நாம் எவ்வளவு சுத்தமாகக் கலந்தாலும் போகாது. ருசியிலோ வாசனையிலோ கண்டுபிடிக்கவும் முடியாது. பின்வாசலில், வில்லையில்லாமல், பாதி விலைக்கு யாராவது நீட்டினால் வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள். குடித்தவருக்கு அரை நாளோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்கல், கடும் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் 'தலைக்கு ஏறிவிட்டது, தூங்கினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

என்ன விஸ்கி என்று கேட்டால், ஐரிஷ் விஸ்கி மென்மையானது, பாலோடு நன்றாக ஒத்துப்போகும். புகை வாசனை தூக்கலாக அடிக்கும் ஸ்காட்ச் வேண்டாம். பால், அந்தப் புகையைக் கருகல் வாசனையாக மாற்றிவிடும். விலை உயர்ந்ததும் வேண்டாம். கோப்பியும் கொக்கோவும் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வருட விஸ்கியின் நயம் எங்கே தெரியப் போகிறது? நம் பெரியவர்களுக்குப் பழகிய பிராண்டியும் அருமையாக வரும். பிராண்டி, கொக்கோ, கிரீம் மூன்றும் பழைய நண்பர்கள். ரம் போட்டால் இனிப்பு வாசனை கூடும். எதுவானாலும் லேபிளில் 40 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான சில புட்டிகளில் அதைவிடக் குறைவாக இருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் கணக்கு மாறும். கள்ளு இதற்கு உதவாது. அதன் புளிப்பு பட்ட உடனே கிரீம் திரிந்துவிடும், மதுச்சத்தும் போதாது.

அடுத்தது டின். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மளிகைக் கடை அலமாரியில் 'சூசு' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் டின்னில் பெரும்பாலும் 'கிரிமர் மானிஸ் பெக்காட்' என்றுதான் எழுதியிருக்கும். திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சீனி, செம்பனை எண்ணெய், பால் திடப்பொருள் என்று வரிசை போகும். தே தாரிக்குக் குறையொன்றும் இல்லை. லிக்யூருக்கு மட்டும் சரிப்படாது. நம் ஊரைச் சுற்றி விளைகிற அந்தச் செம்பனை எண்ணெய் ஐஸ்பெட்டிக் குளிரில் இறுகி, குடிக்கும்போது மேல் அண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். 'சூசு பெக்காட் மானிஸ்' என்று எழுதியிருக்கிற, உள்ளடக்கத்தில் பாலும் சீனியும் மட்டும் உள்ள டின்னைத் தேடி எடுங்கள். இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக இருக்கலாம். சின்ன மளிகைக் கடையில் கிடைக்காவிட்டால் சுங்கைப்பட்டாணியின் பெரிய பேரங்காடிகளில் கிடைக்கும்.

கிரீமிலும் இதே வம்புதான். கேக் சாமான் கடைகளில் அழகாக நுரைத்து நிற்கிற கிரீம் பெட்டிகளில் பல, பாலே இல்லாத செம்பனைக் கொட்டை எண்ணெய்க் கிரீம்கள். அவற்றில் சீனியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 'டெய்ரி' என்றும் கொழுப்பு 35 சதவீதம் என்றும் அச்சிட்ட பெட்டிப்பால் கிரீமை வாங்குங்கள். உயர் வெப்பத்தில் பதப்படுத்தியது என்பதால் இதைக் காய்ச்ச வேண்டாம், பெட்டியைத் திறந்து அப்படியே ஊற்றலாம். காலாவதித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு லிட்டருக்கு அளவு

விஸ்கி, 40 சதவீதம்: 400 மில்லி
பால் கிரீம், 35 சதவீதக் கொழுப்பு: 300 மில்லி
இனிப்புக் கெட்டிப்பால்: 300 கிராம்
வெந்நீர்: 60 மில்லி
உடனடிக் கோப்பித்தூள்: 2 தேக்கரண்டி
இனிப்பில்லாத கொக்கோத்தூள்: 1 மேசைக்கரண்டி
வெனிலா எசன்ஸ்: 1 தேக்கரண்டி
உப்பு: ஒரு சிட்டிகை

கெட்டிப்பாலைக் கிராமில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அது தண்ணீரைவிடக் கனம். 300 கிராம் எடுத்தால் 230 மில்லி அளவுதான் வரும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் மில்லி ஆகிறது. 400 மில்லி விஸ்கியில் சுத்த மது 160 மில்லி. ஆக, நம் பானம் 16 சதவீதம். புட்டி 37 சதவீதமாக இருந்தால் அதே 400 மில்லியில் 148 மில்லிதான் கிடைக்கும், 14.8 சதவீதம் ஆகிவிடும். அப்போது 430 மில்லி ஊற்றி, தண்ணீரை 60-லிருந்து 30 மில்லியாகக் குறைத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். 'வீட்டுக்குத்தானே, மது கொஞ்சம் குறையட்டும்' என்று 200 மில்லியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அது நல்ல எண்ணம்தான், ஆனால் மது குறைந்தால் பால் சீக்கிரம் கெடும். குறைக்க நினைத்தால் கிளாஸைச் சிறிதாக்குங்கள், செய்முறையில் கை வைக்காதீர்கள். ஒருவேளை பாதி மதுவோடுதான் செய்வோம் என்று முடிவெடுத்தால் மூன்று நாளில் தீர்த்துவிடுகிற அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் கோப்பி வாசனை வேண்டுமென்றால் உடனடித் தூளுக்குப் பதிலாகக் கடைக் கோப்பித்தூள் 2 மேசைக்கரண்டி எடுத்து, 80 மில்லி கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, கோப்பித் துணியில் வடியுங்கள். தூள் குடித்தது போக 60 மில்லி இறங்கும். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த தூள் என்பதால் நிறமும் கசப்பும் ஆழமாக இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். அயர்லாந்துப் பானம் பீடோங்கில் செய்யப்பட்டது என்று முதல் மிடறிலேயே தெரியும்.

பழைய குறிப்புகளில் மூன்று முட்டையைப் பச்சையாக அடித்துச் சேர்க்கச் சொல்லியிருக்கும். வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்கு 16 சதவீத மதுவை நம்பக்கூடாது. கெட்டித்தன்மைக்கு கெட்டிப்பாலே போதும்.

ஏன் திரிகிறது

பாயசத்தில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெல்லப்பாகை ஊற்றினால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாகை ஆறவிட்டு, அடுப்பை அணைத்து, பிறகு சேர்ப்போம். இங்கேயும் அதே விவரம்தான். பாலில் இருக்கும் கேசீன் என்கிற புரதம் சின்னச் சின்னத் திரள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. புளிப்பு கூடி, அமிலநிலை (pH) 4.6-ஐ நெருங்கினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தயிராகும். மது என்ன செய்கிறதென்றால், அந்தத் திரள்களைத் தாங்கி நிற்கிற தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் புளிப்பிருந்தாலே போதும், திரிந்துவிடும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். கோப்பியில் இயல்பாகவே இலேசான புளிப்பு உண்டு. சூடான கோப்பியையும் விஸ்கியையும் ஒன்றாகக் கிரீமின் தலையில் கொட்டினால், புளிப்பு, மது, சூடு மூன்றும் ஒரே நேரத்தில் போய்த் தாக்குகிறது.

விஸ்கி விழுகிற அந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் மது 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கை சுற்றிக்கொண்டே இருந்தால் அது உடனே பரவிக் குறைந்துவிடும், புரதம் தப்பித்துக்கொள்ளும். மொத்தமாக ஊற்றிவிட்டுப் பிறகு கலக்கினால் அதற்குள் அந்த இடத்தில் குறுணை விழுந்திருக்கும். விழுந்த குறுணையைத் திரும்பக் கரைக்க வழி கிடையாது.

முந்தின நாள்

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. கிறிஸ்மஸுக்கு முந்தின அந்த விடுமுறை நாளில் சாமான் வாங்கி, 22-ஆம் தேதி வாக்கில் கலந்துவிட்டால் 25-க்கு ருசி சரியாகக் கூடி நிற்கும். அதற்கும் முன்னால் செய்ய அவசியமில்லை.

முதல் நாள் இரவே கிரீம், கெட்டிப்பால், விஸ்கி மூன்றையும் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். விஸ்கியைக் குளிர வைக்க மறப்பவர்கள் அதிகம். இந்த ஊரில் அலமாரியில் நிற்கும் புட்டி 30 பாகையில் இருக்கும், அதைக் குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் பாதிக் குளிர் அங்கேயே போய்விடும்.

புட்டி கண்ணாடியாக இருக்கட்டும். 250 மில்லி புட்டி ஐந்து போதும், ஒரு பெரிய புட்டியைவிட அதுதான் நல்லது. ஒன்றைத் திறந்து தீர்த்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். கிச்சாப் புட்டி, ஊறுகாய்ப் புட்டி எதையும் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் மூடியின் உள்வளையத்தில் வாசனை தங்கிவிடும், ஊறுகாய்ப் புளிப்பு ஒரு துளி போதும் வேலையைக் கெடுக்க. சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து இரவு முழுதும் உலரவிடுங்கள்.

கலக்கும் நாள்

கொக்கோத்தூளையும் கோப்பித்தூளையும் ஒரு கோப்பையில் போட்டு, வெந்நீரை முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டுக் களியாகக் குழையுங்கள். கட்டி உடைந்த பிறகு மீதித் தண்ணீர். உப்பையும் இதிலேயே போட்டுவிடலாம். கோப்பையைத் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, பதினைந்து நிமிடம் ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

பெரிய மங்கு ஒன்றில் கெட்டிப்பாலை எடைபோட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த கோப்பிக் கலவையை அதில் விட்டு, முட்டை அடிக்கும் கம்பியால் நிறம் ஒன்றாகும் வரை கலக்குங்கள். கோப்பியைக் கெட்டிப்பாலோடு முதலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதன் அடர்த்தியான சீனியும் பாலும் கோப்பியின் புளிப்பை வாங்கிக்கொள்ளும், பிறகு கிரீமுக்கு அது நேராகப் போய்ச் சேராது. வெனிலாவும் இப்போதே.

கிரீம் பெட்டியை நன்றாகக் குலுக்கி 300 மில்லி அளந்து ஊற்றுங்கள். இங்கே அடிக்கக்கூடாது, கம்பியை மங்கின் அடியோடு ஒட்டி மெதுவாகச் சுற்றினால் போதும். 35 சதவீதக் கிரீம் குளிர்ந்திருக்கும்போது வேகமாக அடித்தால் நுரைத்து எழும், இன்னும் அடித்தால் வெண்ணெய் திரளும்.

இனி விஸ்கி. முடிந்தால் இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் சுற்ற. முதல் ஐந்தாறு மேசைக்கரண்டியை ஒவ்வொன்றாக விடுங்கள். விஸ்கி விழுந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு தெரியும், கம்பி ஒரு சுற்று வருவதற்குள் மறைந்துவிடும். மறைந்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஐந்தாவது கரண்டிக்குப் பிறகு நிறுத்தி, ஒரு கரண்டியின் முதுகைக் கலவையில் நனைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய படலம் வழவழப்பாக ஒரே சீராக இறங்கினால் எல்லாம் சரி. படலத்தில் புள்ளி புள்ளியாகக் குறுணை நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். கெட்டுப் போனது ஐந்து கரண்டி விஸ்கியோடு போகட்டும், மீதிப் புட்டி மிஞ்சும். கரண்டி முதுகு சுத்தமாக இருந்தால் மீதியை மூக்குள்ள குவளையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றலாம். 400 மில்லியும் இறங்க ஐந்தாறு நிமிடம் ஆகும். கை வலித்தால் இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள், ஊற்றுவதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு பிளெண்டரில் குறைந்த வேகத்தில் பத்து விநாடி ஓட்டலாம். முன்பு கூடாதென்றது இப்போது எப்படிச் சரி என்று தோன்றும். நுரைத்து நிற்கக் கிரீமுக்கு 30 சதவீதத்தை ஒட்டிய கொழுப்பு வேண்டும். இப்போது அது 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, அதனால் பயமில்லை. பிளெண்டர் இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

கொதிநீரில் நனைத்துப் பிழிந்த மல் துணியில் வடிகட்டி, புனல் வைத்துப் புட்டிகளில் நிரப்புங்கள். கழுத்தில் இரண்டு விரல் இடம் விடவேண்டும், இல்லையென்றால் குலுக்க முடியாது. ஒரு நாளாவது ஐஸ்பெட்டியில் ஓய்வெடுக்கட்டும். கலந்த உடன் குடித்தால் மது தனியாக, பால் தனியாக நாக்கில் தெரியும். இரண்டாம் நாள் இரண்டும் ஒன்றாகிவிடும். உடனே ருசி பார்த்துவிட்டு 'சீனி பத்தல' என்று கூட்டாதீர்கள்.

புட்டிக்குள் ஏதோ மிதக்கிறதே

மறுநாள் பார்த்தால் கழுத்தில் வெண்மையாக ஒரு அடைப்பு இருக்கலாம். அது கொழுப்பு. நம்மிடம் தொழிற்சாலை இயந்திரம் இல்லை என்பதற்கான அடையாளம், கெட்டுப் போனதற்கு அல்ல. பத்து முறை குலுக்கினால் கரைந்து சேர்ந்துவிடும். அடியில் கொக்கோ படிவதும் இயல்புதான்.

குலுக்கிய பிறகும் குறுணை கரையாமல், நீர் தனியாகப் பிரிந்து நின்றால் அது புரதம் திரிந்தது. புளித்த வாசனையோ, மூடியைத் திறக்கும்போது காற்று சீறுவதோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கலக்கும் நாளிலேயே திரிந்து, வாசனை நன்றாக இருந்தால் மட்டும் அதைக் கேக் மாவில் பாலுக்குப் பதில் சேர்க்கலாம். ஆனால் வேகும்போது மது முழுதாகப் போய்விடாது, ஆகையால் அந்தக் கேக்கும் பெரியவர்களுக்கு மட்டும்.

குலா மெலாக்காவும் பாண்டானும்

இது நம் நாட்டுச் சுவை, ரம்மோடு பிரமாதமாகச் சேரும். 100 கிராம் குலா மெலாக்காவை (தென்னம்பாளை வெல்லம்) சீவி, 60 மில்லி தண்ணீர், முடிச்சுப் போட்ட இரண்டு பாண்டான் (ரம்பை) இலையோடு கரையும் வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பனைவெல்லம் போலவே இதிலும் ஊறிய பதநீரின் புளிப்பு ஒளிந்திருக்கும். இறக்கும்போது கால் தேக்கரண்டி சோடா மாவு சேர்த்தால் பாகு ஒருமுறை பொங்கி அடங்கும், புளிப்பும் அடங்கும். முழுக்கக் குளிர்ந்த பிறகு, கோப்பிக்கும் கொக்கோவுக்கும் பதிலாக இந்தப் பாகு. கெட்டிப்பாலை 200 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வரிசை அதேதான். தேங்காய்ப்பால் சேர்க்க ஆசைப்பட்டால் கிரீமில் பாதியை மட்டும் பெட்டித் தேங்காய்ப்பாலாக மாற்றுங்கள். அது அதிகமாகப் பிரியும், சீக்கிரம் கெடும். நான்கு நாளுக்குள் தீருமென்றால் செய்யலாம். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு எந்த வகையிலும் வேண்டாம். ஆரஞ்சு வாசனை பிடிக்குமென்றால் தோலின் மேல் மஞ்சளை மட்டும் சீவி, விஸ்கியில் ஓர் இரவு ஊறவைத்து வடித்துவிடுங்கள்.

பரிமாறும்போது

இந்தப் பானத்தின் மிகப் பெரிய ஆபத்து அதன் நிறம். ஐஸ்பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு அது மைலோ. விருந்துக்கு வந்த பெரியம்மாவுக்கு அது தே தாரிக். குடத்திலோ ஜக்கிலோ ஊற்றி மேசையில் வைக்கவே கூடாது. புட்டியிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு புட்டியிலும் பெரிய எழுத்தில் 'மது உண்டு, 16 சதவீதம், பால் உண்டு, குலுக்கவும்' என்று எழுதி, கலந்த தேதியையும் போட்டு ஒட்டுங்கள். ஐஸ்பெட்டியில் மேல்தட்டு, பிள்ளைகளின் கை எட்டாத மூலை.

திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய்க்கார அண்டைவீட்டார் வருவார்கள். அவர்கள் சாப்பிடும் மேசையும் இந்தப் புட்டியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டாம். அவர்கள் போன பிறகு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெளியே எடுப்பது இன்னும் அழகு. இதே கலவையை மது இல்லாமல் செய்து கொடுக்கலாமே என்று தோன்றும். அதே மங்கு, அதே பிளெண்டர் என்றால் அவர்களுக்குச் சங்கடம். பெட்டிப் பானமே மரியாதை.

30 மில்லிக் கிளாஸில் ஏறக்குறைய 4 கிராம் சுத்த மதுவும், ஒரு தேக்கரண்டி சீனிக்குக் கொஞ்சம் மேலாக இனிப்பும் போகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மது, சர்க்கரையைத் திடீரென்று இறக்கவும் செய்யும். மாமா கேட்கிறாரே என்று ஊற்றிக் கொடுக்காமல், டாக்டரிடம் கேட்டாரா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சட்டப்படி, மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21. உரிமம் இல்லாமல் விற்பது குற்றம், பக்கத்து வீட்டுக்குப் பத்து வெள்ளிக்குக் கொடுப்பதும் அதில் சேரும். வாகனம் ஓட்டுபவருக்கு 2020 அக்டோபரிலிருந்து இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பை இறுக்கியிருக்கிறார்கள். செம்பனைக்காட்டு ஓரப் பாதைகளில் விளக்கும் கிடையாது. மோட்டாரில் வந்தவருக்குப் பாலில்லாத கோப்பி ஓ கொடுங்கள், லிக்யூர் வேண்டாம்.

மேசையில் வைக்கும்போது புட்டி ஐஸ் நிரப்பிய மங்குக்குள் நிற்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்ப உள்ளே வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சூடான கோப்பியோடு குடிக்க விரும்புபவர் லிக்யூரை முதலில் கோப்பையில் ஊற்றி, சற்றே ஆறிய கோப்பியை அதன்மேல் மெதுவாக விட்டால் திரியாது.

ஆயுள் இரண்டு வாரம் என்றேன். கிரீம் பெட்டியின் தேதி அதற்கு முன்னால் வந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. மின்சாரம் நீண்ட நேரம் நின்று ஐஸ்பெட்டி சூடாகியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். புத்தாண்டு தாண்டியும் ஒரு புட்டி மிஞ்சியிருந்தால் காய்ந்த ரொட்டித் துண்டு, முட்டை, கொஞ்சம் பாலோடு சேர்த்து ரொட்டி புட்டிங்காக வேகவைத்து, பெரியவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். 700 மில்லி விஸ்கிப் புட்டியில் மிச்சமிருக்கும் 300 மில்லி மூடி இறுக்கமாக இருந்தால் கெடாது. வெயில் படாத, பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள், அடுத்த முறை கலக்கப் பயன்படும்.